சம்பந்தியின் கொழுப்பு

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அப்பா ஒரு முறைகூடச் சிரிக்கவில்லை.

எனக்கு முப்பது நடந்துகொண்டிருந்தது. பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். மூளை நரம்புகளில் இருக்கும் ஒரு புரதம் கொழுப்போடு எப்படிப் பழகுகிறது, அந்தப் பழக்கம் எந்த இடத்தில் கெட்டு நோயாகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. எங்கள் ஊரான செஞ்சியில் இதை யாரிடமும் நான் சொல்லி முடித்ததே கிடையாது. நெல் மண்டியில் எடை போடும் நைனா, கேட்பவர்களிடம் "டாக்டரு மாதிரிதான், ஆனா ஊசி போடாது" என்று சொல்லிவைத்திருந்தார். அம்மாவுக்கு அது "ஏதோ மூள வேல". எங்களோடு இருக்கும் நைனாவின் அக்கா, என் அத்தை, "படிப்பா அது, கல்யாணத்தத் தள்ளிப் போடறதுக்கு ஒரு சாக்கு" என்று முடித்துவிடுவாள்.

மாப்பிள்ளை மேல்மலையனூர்க்காரர். பெங்களூரில் மெட்ரோ ரயில் ஓட்டினார்.

"டாக்டர் பட்டம் வாங்குன பொண்ணுக்கு டிரைவரா?" என்றாள் அத்தை.

"ரயில் டிரைவருக்கா" என்றார் நைனா. செஞ்சிக்கு இன்னும் ரயில் வரவில்லை. அதனாலேயே எங்கள் வீட்டில் ரயிலுக்கு மரியாதை அதிகம்.

அவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு அங்காளம்மன் கோயிலை ஒட்டி ஒரு கடை. குங்குமம், எலுமிச்சம்பழம், வளையல், தேங்காய் எல்லாம் கிடைக்கும். அமாவாசைக் கூட்டத்தில் தொண்டை கிழியக் கத்தி வியாபாரம் செய்கிற மனிதர் என்று தரகர் சொல்லியிருந்தார். வந்தவரோ வெள்ளைச் சட்டையும் தோளில் துண்டுமாக, நாற்காலியில் நட்டுவைத்ததுபோல உட்கார்ந்திருந்தார். நைனா விலைவாசி பேசினார், மழை பேசினார், மண்டியில் பொன்னி என்ன விலைக்குப் போகிறது என்று பேசினார். எல்லாவற்றுக்கும் வாய்க்குள்ளேயே ஒரு பதில் வந்தது. கண்கூட அதிகம் இமைக்கவில்லை.

அம்மா கேசரியைக் கொண்டுவந்து வைத்தாள். வீட்டில் உருக்கிய நெய். காலையிலிருந்து அந்த வாசனையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"எப்பிடி இருக்குதுண்ணா? வீட்டு நெய்யி" என்றாள் ஆசையாக.

அவர் ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டு, "வாசமே இல்லம்மா" என்றார்.

அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா அவசரமாக, "எனக்கு நல்லா மணக்குதுங்க, இன்னும் கொஞ்சம் வைங்க" என்று தட்டை நீட்டினார்.

எங்கள் இருவரையும் மாடிக்குப் போய்ப் பேசச் சொன்னார்கள். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்றோம். மாப்பிள்ளை கொஞ்ச நேரம் எதிரே தெரிந்த கோட்டை மலை ராஜகிரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான் ஓட்டற வண்டில ஸ்டியரிங்கே கெடையாதுங்க. முன்னாடியே சொல்லிடறேன்" என்றார். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். கீழேயிருந்து அத்தை செருமுவது கேட்டது. இறங்குவதற்குள் இரண்டு பேரும் போன் நம்பர் வாங்கிக்கொண்டோம்.

வேன் தெருமுனையைத் திரும்பியதும் சமையலறையில் விசாரணை தொடங்கியது.

"பாத்தியா கொழுப்ப?" என்றாள் அத்தை. "வந்ததுலேர்ந்து மூஞ்சில ஒரு சிரிப்பு உண்டா? ஒத்தக் கையால கும்புடறாரு. இன்னொரு கைய துண்டுக்குள்ள வெச்சவருதான், எடுக்கவே இல்ல."

"வீட்டு நெய்ய வாசமே இல்லன்னுட்டாரே" என்றாள் அம்மா. அவளால் அதைத் தாண்டி வர முடியவில்லை.

"நான் கேட்டதுக்கெல்லாம் முணுமுணுன்னு பதிலு" என்றார் நைனா. "நம்மகிட்டப் பேசறதே கௌரவக் கொறச்சல்ன்ற மாதிரி."

"போறப்ப வாசப்படில நின்னாரே, அதப் பாத்தியா? எல்லாரும் எறங்கிட்டாங்க. இவரு அங்கயே நிக்கறாரு. காலத் தூக்கவே மனசு வரல. அவரு பையன் வந்து கையப் புடிச்சி இழுத்துனு போறான். கொழுப்பு! மூணு வேளையும் கொழுப்பு!"

நான் கையில் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். சிரிக்காத முகம். இறங்கிப்போன குரல். மணம் தெரியாத மூக்கு. துண்டுக்குள் ஒரு கை. அந்தத் துண்டு லேசாக அசைந்துகொண்டே இருந்ததை நானும் பார்த்தேன், மின்விசிறிக் காற்று என்று விட்டுவிட்டேன். வாசலில் நின்றுபோன கால். நான் படிக்கும் கட்டுரைகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் ஆரம்பிக்கும். அந்த முதல் பத்தியை நாங்கள் வேகமாகத் தாண்டிவிடுவோம். எங்களுக்கு வேண்டிய புரதமும் கொழுப்பும் அதற்குக் கீழேதான் இருக்கும். அந்த நோயை நான் கண்ணாடிக் குழாய்களில்தான் பார்த்திருந்தேன். அது வேட்டி கட்டிக்கொண்டு எங்கள் வீட்டு நாற்காலியில் வந்து உட்காரும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"கொழுப்புதான் அத்த" என்றேன். "ஆனா நீ சொல்ற கொழுப்பு இல்ல."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

பார்க்கின்சன் நோயாக இருக்கலாம், எனக்குச் சந்தேகம்தான், பார்த்துச் சொல்ல வேண்டியது நரம்பு டாக்டர் என்று சொன்னேன். அந்த நோயில் முகத்துத் தசைகள் இறுகிப்போகும். உள்ளே சந்தோஷம் இருந்தாலும் முகம் அதைக் காட்டாது. நடுக்கம் வருவதற்குப் பல வருடம் முன்பே மூக்குக்கு மணம் தெரியாமல் போகும். கை நடுங்குவது தெரியக் கூடாது என்றுதான் துண்டுக்குள் வைத்திருந்திருப்பார்.

அத்தை உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "பொண்ணு பாக்க வந்தவருக்கு நீ சீக்கு பாத்தியா?" என்றாள். அம்மா மட்டும் மெதுவாக, "அப்ப கேசரி நல்லாதான் இருந்துச்சா?" என்று கேட்டாள்.

நைனா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிள்ளைகளுக்கும் வருமா என்று கேட்டார். சில குடும்பங்களில் அப்படி வரும், பெரும்பாலும் வராது என்றேன். "அந்தப் பையன உனக்குப் புடிச்சிருக்குதா?" என்றார் அடுத்து.

"புடிச்சிருக்குது நைனா."

"அப்ப போன் போட்டு அவரு அப்பாவ டாக்டராண்ட கூட்டினு போகச் சொல்லு. கல்யாணப் பேச்சு அப்பறம்."

மாடிக்குப் போய் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"உங்கப்பாவுக்கு வாசன தெரியாமப் போயி எவ்ளோ நாளாச்சுங்க?" என்று கேட்டேன்.

பெண் பார்த்துவிட்டு வந்த அன்று ஒரு பெண் கேட்கக்கூடிய கேள்விகளுக்கு அவர் தயாராக இருந்திருப்பார். இது அதில் இல்லை.

"கொஞ்ச வருஷம் இருக்கும்" என்றார். "கடையில கற்பூரம் பத்திக்கிட்டு அட்டப்பெட்டி எரியுது, அவரு பக்கத்துலயே உக்காந்திருக்காரு. எங்கம்மா வந்துதான் அணைச்சாங்க. ஏங்க?"

நான் மற்றவற்றையும் கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றார். வயசாகிவிட்டது, அதனால்தான் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்களாம்.

"நீங்க புடிக்கலன்னு சொல்றதுக்குதான் போன் பண்றீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

"நானா? உங்கப்பாவுக்குதான் புடிக்கலன்னு இங்க பேசினிருக்காங்க."

"எங்கம்மாவும் அதேதான் சொல்றாங்க. வர்ற வழியெல்லாம் உம்முன்னே இருந்தாரு. இருங்க." போனைக் காதிலிருந்து எடுக்காமலே, "அப்பா, பொண்ணு புடிக்கலியா?" என்று கேட்டார்.

தூரத்தில் காற்றுபோல ஏதோ ஒரு குரல். எனக்குச் சொற்கள் கேட்கவில்லை. மாப்பிள்ளை சிரிக்கத் தொடங்கினார். அவர் அம்மாவும் சிரிப்பது கேட்டது.

"வேன்லயே சொன்னாராம். நல்ல பொண்ணு, பேசி முடிச்சிடுங்கன்னு. வேன் சத்தத்துல யாரு காதுலயும் விழல. நாம சொல்லியும் ஒருத்தரும் வாயத் தொறக்கலியேன்னு அவருக்குக் கோவமாம்."

மாப்பிள்ளையின் அப்பாவைப் புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். நானும் போனேன். நிச்சயதார்த்தமே ஆகாமல் பெண் எப்படி மாமனாரோடு போவாள் என்று அத்தை குதித்தாள். நைனா, "இது போவாம வேற யாரு போவறது? இதுக்குதான படிச்சிது" என்று பஸ் ஏற்றிவிட்டார். வாழ்க்கையில் முதன்முறையாக என் படிப்பு எதற்கு என்று அவர் ஒருவரிடம் சரியாகச் சொன்னார்.

அங்கே நரம்பு டாக்டர் அவரை நடக்கச் சொன்னார், விரல்களைத் தட்டச் சொன்னார், கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். சந்தேகம் சரிதான். மாத்திரை எழுதிக் கொடுத்தார். இது குணமாகிற நோய் இல்லை, ஆனால் நல்லபடியாக வாழலாம் என்றார். தரையில் குறுக்குக் கோடுகள் இருந்தால் கால் தடைபடாமல் நகரும், வீட்டு வாசலில் ஒட்டிவையுங்கள் என்றும் சொன்னார்.

வெளியே வந்து எதிரில் இருந்த டீக்கடையில் உட்கார்ந்தோம். மாப்பிள்ளை மாத்திரை வாங்கப் போயிருந்தார். மாமா டீயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். துண்டு அன்று தோளிலேயே இருந்தது.

"பெங்களூர்ல நீ இதத்தான் பாக்கறியாமே. அது இன்னாமா, எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றார். நான் காதை அருகே கொண்டுபோய்த்தான் கேட்க வேண்டியிருந்தது.

அவர் குங்குமத்தை எப்படி விற்பார் என்று கேட்டேன். சின்னச் சின்னப் பாக்கெட்டாகப் போட்டு முன்னால் அடுக்கிவைத்துக்கொள்வேன் என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

"நரம்பு முனையிலயும் அப்படித்தான் மாமா. கை கால அசைக்கறதுக்கு ஒரு மருந்த மூளையே தயார் பண்ணுது. அது சின்னச் சின்னப் பையில இருக்குது. அந்தப் பையோட தோலு கொழுப்பு. அந்தத் தோலு மேல ஒரு புரதம் வந்து உக்காரும். தண்ணில கெடந்தா அது அவுந்த நூலு மாதிரி கொழகொழன்னு இருக்கும். கொழுப்பு மேல உக்காந்ததும் முறுக்கிக்கினு சுருள் மாதிரி ஆயிடும். அப்பதான் அதுக்கு வேலையே. பையெல்லாம் ஒழுங்கா நிக்க ஒத்தாச பண்ணும்."

"நல்லதுதான பண்ணுது?"

"நல்லதுதான். ஆனா ஒரே எடத்துல அதுங்க ஜாஸ்தியா வந்து உக்காந்தாலோ, கொழுப்போட தன்மை மாறினாலோ, பைய விட்டுட்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்க ஆரம்பிக்கும். ஒட்டறப்ப கொழுப்பையும் சேத்து இழுத்துக்கும். கட்டியாயிடும். பையும் கிழியும், போகப் போக நரம்பும் வீணாயிடும்."

அவர் யோசித்தார். "அப்ப கூட்டம் நிக்குது, பாக்கெட்டு எடுத்துக் குடுக்கறவன் சரியில்ல."

"பாக்கெட்டும் கொறைஞ்சுபோச்சு மாமா."

"மாத்திர போட்டா?"

"புதுசா சரக்கு எறங்கும். கட்டி அப்பிடியேதான் இருக்கும்."

"அது மொத மொதல்ல ஏன் ஒட்டுது?"

"அதுதான் மாமா எங்களுக்கே இன்னும் முழுசாத் தெரியல. அதத்தான் பாத்துனிருக்கோம்."

"சரி, பாரு பாரு" என்று பெருந்தன்மையாக அனுமதி கொடுத்தார். பிறகு இன்னொரு டீ சொன்னார்.

எனக்கு அந்தப் பேச்சு வெகுநாள் மனதில் இருந்தது. ஆய்வுக்கூடத்தில் நானே தயாரித்த கொழுப்புக் குமிழிகளில் புரதத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எப்போது சுருள்கிறது, எப்போது கட்டிதட்டுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். முன்பெல்லாம் திரையில் கோடு ஏறினால் சோதனை நன்றாக வந்தது என்று மகிழ்வேன். இப்போது கோடு ஏறும்போது யாருடைய கால் வாசலில் நிற்கிறதோ என்று ஒரு நினைப்பு ஓடும். ஆனாலும் வேலை முன்பைவிடப் பிடித்திருந்தது.

மாத்திரை சில வாரங்களில் வேலை செய்தது. பழையபடி கைவீசி நடக்கவில்லை என்றாலும் கை இளகியது. வளையல் பெட்டியை அவரே இறக்கினார் என்று மாமியார் போன் செய்து சொன்னார். வாசற்படி மட்டும் படுத்தியது. வீட்டு வாசலில் பழகிவிட்டார், புது இடம் என்றால் கால் நின்றுவிடும்.

திண்டிவனம் சாலையில் இருந்த ஒரு மண்டபத்தில் கல்யாணம். காலையில் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். நான் மணப்பெண் அறையின் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மேளம் அடிக்கிறார்கள், ஆரத்தி எடுத்தாகிவிட்டது, எல்லாரும் உள்ளே வர வேண்டும். மாமா மண்டப வாசலில் நின்றுவிட்டார். பளபளவென்று ஒரே வெள்ளைத் தரை. அவருடைய கால் ஒட்டிக்கொண்டதுபோல நடுங்குகிறது, எழவில்லை. பின்னால் சொந்தக்காரர்கள் நெருக்குகிறார்கள். "இன்னாவாம், சம்மந்தி மொற சரியில்லயாமா?" என்று யாரோ கேட்பது எனக்கே கேட்டது. நான் பட்டுப்புடவையோடு எழுந்து ஓடப் பார்த்தேன். தலையில் பூ வைத்துக்கொண்டிருந்த பெண் பிடித்து உட்காரவைத்தாள்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு அத்தை வந்தாள். கையில் கோலமாவுக் கிண்ணம். டாக்டர் சொன்ன கோடுகளைப் பற்றி நான் வீட்டில் சொன்னது அவள் காதில் விழுந்திருக்கிறது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்தாள். வாசலுக்குக் குறுக்கே ஒரு கோடு, ஓரடி தள்ளி இன்னொரு கோடு, அதற்கடுத்து இன்னொன்று என்று மணமேடை வரைக்கும் இழுத்துக்கொண்டே போனாள். நிமிர்ந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டாள்.

"ம், தாண்டுங்க சம்மந்தி. கீழ கோட்டப் பாத்துத் தாண்டுங்க."

அவர் முதல் கோட்டைப் பார்த்தார். கால் எழுந்தது. தாண்டினார். அடுத்ததையும் தாண்டினார். அதற்குப் பிறகு மேளத்தோடு சேர்ந்து அவர் வந்த வேகத்தில் அத்தை வழிவிட்டு ஒதுங்க வேண்டியதாயிற்று.

நாங்கள் யாரும் எதிர்பார்க்காத ஒன்று அப்புறம்தான் நடந்தது. பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவரும் வலது காலை முன்வைத்து அந்தக் கோடுகளைக் கவனமாகத் தாண்டித் தாண்டி வந்தார்கள். ஒரு கிழவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தாண்டினார். "இது உங்க பக்கத்து மொறைங்களா?" என்று ஒரு பெண் அம்மாவைக் கேட்டாள். அம்மா விழித்தாள். அத்தை கொஞ்சமும் தயங்காமல், "ஆமா. எங்க வீட்டுல வழிவழியா வர்றது" என்றாள். சாப்பாட்டுப் பந்தி முடியும்வரை யாரும் அந்தக் கோடுகளை மிதிக்கவில்லை. கேமராக்காரர் அவற்றைத் தனியாக வேறு படம் எடுத்துவைத்திருக்கிறார்.

மறுவீட்டுக்கு வந்திருந்தபோது மாமியார்தான் செஞ்சிக் கோட்டைக்குப் போகலாம் என்றார். இருபது முப்பது கிலோமீட்டர் தூரத்தில் இருந்துகொண்டு, பஸ்ஸில் போகும்போது பார்த்ததோடு சரி, அவர்கள் இருவரும் ஒரு நாளும் ஏறியதில்லை. ராஜகிரி வேண்டாம், செங்குத்து, எதிர்மலை கிருஷ்ணகிரி போதும் என்று நைனா சொன்னார். வெயில் ஏறுவதற்கு முன் போனோம்.

சாலையிலிருந்து அடிவாரம் வரைக்கும் அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு பொடிநடையாகத்தான் வந்தார். சமதரைதான் அவருக்குக் கஷ்டம். என் கணவர், "அப்பா, கீழயே உக்காருங்க, நாங்க பாத்துட்டு வந்துடறோம்" என்றார். மாமா முதல் படியைப் பார்த்தார். ஏறினார். இரண்டாவது படி, மூன்றாவது படி. தோளிலிருந்த கை என்னை விட்டுப் போனது. கல்யாண மண்டபத்தில் அத்தை மாவில் போட்டதை இங்கே யாரோ ராஜாக்கள் கருங்கல்லில் போட்டுவைத்திருந்தார்கள். எங்களுக்குத்தான் அது முன்பே தோன்றவில்லை. பார்க்கின்சன் உள்ளவர்களுக்குச் சமதரையைவிடப் படி எளிது என்று நான் படித்திருக்கிறேன். படித்ததை அன்று அவர் முதுகில் பார்த்தேன்.

"யோவ், மெதுவாப் போய்யா" என்று மாமியார் கீழேயிருந்து கத்தினார். அவர் நிற்கவில்லை. என் கணவர் விழுந்தால் பிடிக்கத் தோதாகக் கைகளை நீட்டிக்கொண்டே பின்னால் ஏறினார். பாதிவழியில் அவருக்கே மூச்சு வாங்கியது. ஒரு குரங்கு சுவர்மேல் கூடவே வந்தது. மாமியார் ஒரு வளைவில் உட்கார்ந்து, "நான் இங்கயே இருக்கறேன், நீங்க போயி சாமிய கும்புட்டுட்டு வாங்க" என்றார். மேலே சாமி இல்லாத கோயில்தான் இருக்கிறது என்று சொல்ல எனக்கும் மூச்சு இல்லை.

மேலே தானியக் களஞ்சியத்தைத் தாண்டி ஒரு மண்டபத்தில் அவர் முதலில் போய் உட்கார்ந்திருந்தார். காற்று அடித்தது. கீழே வயல்கள், ஏரி, திருவண்ணாமலை போகும் பஸ்கள், எங்கள் தெருவின் தண்ணீர்த் தொட்டி வரை தெரிந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். இறங்கும்போது அவருக்குச் சிரமமாக இருக்கும், இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டுதான் கூட்டிவர வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்படித்தான் கூட்டிவந்தோம், அரை நாள் ஆனது.

ஆனால் மேலே உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில் அவர் எதிரே ராஜகிரியைக் காட்டினார்.

"அது இதவிட ஒசரமா?"

"ரொம்ப ஒசரம் மாமா."

"படி இருக்குதா?"

"இருக்குது."

"சரி, அடுத்த வாட்டி அது" என்றார்.